புதுப்பிப்பு: நெய் இல்லாத நெய் உருண்டை
பேரனுக்குப் பால் ஒவ்வாமை, தீபாவளி நெய் உருண்டைக்கு நெய்க்குப் பதில் எதை ஊற்றுவது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பலரும் தேங்காய் எண்ணெய் என்றீர்கள். செய்து பார்த்தேன். மணம் அருமை, ஆனால் உருண்டை தட்டிலேயே பொலபொலவென்று உதிர்ந்தது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகிவிடும். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் ஊர் வெயிலில் அது எங்கே இறுகும்?

நேற்று செம்பனை எண்ணெயில் செய்த வனஸ்பதி டின் வாங்கினேன். சிலவற்றில் பால் கொழுப்பும் கலந்திருக்கும், அதனால் லேபிளை மூன்று முறை படித்தேன். வறுத்த பாசிப்பயற்று மாவில் சூடாக ஊற்றி, கை பொறுக்கும் சூட்டில் பிடித்தேன். உருண்டை நின்றது! வாசம் கொஞ்சம் குறைவுதான், ஏலக்காயைக் கூட்டினேன். "பாட்டி, இன்னொன்னு" என்று பிள்ளை கை நீட்டியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நெய்யை வடிகட்டினால் போதும் என்றவருக்கு: தயவுசெய்து வேண்டாம், பால் புரதம் கொஞ்சமாவது தங்கும்.