ஃப்ளிப்பன்ட் (flippant): தமிழில் என்ன?

நண்பர்களே,
மருந்துச் செயலி ஒன்றின் எழுத்து நடைக் கையேட்டை மொழிபெயர்க்கிறேன். நாளை மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். நட்பாக எழுதலாமாம், ஃப்ளிப்பன்டாக எழுதக் கூடாதாம். அதாவது, சர்க்கரை மாத்திரையை மறந்தவருக்கு "மறுபடியும் மறந்தாச்சா? சபாஷ்!" என்று செய்தி போகக் கூடாது. எனக்கு 'அலட்சியம்'தான் வருகிறது. ஆனால் அலட்சியக்காரர் கண்டுகொள்ளவே மாட்டார். ஃப்ளிப்பன்டானவர் கண்டுகொண்டு சிரிக்கிறார்.

— — —
எகத்தாளம் இருக்கக் கவலை ஏன்?

— — —
> எகத்தாளம்
அதில் எதிராளியைச் சீண்டும் எண்ணம் உண்டு. இழவு வீட்டில் "சாப்பாடு யார் கான்ட்ராக்ட்?" என்று சிரித்தபடி கேட்பவனுக்கு யார் மேலும் பகை இல்லை. இடத்தின் கனம் உறைக்கவில்லை, அவ்வளவுதான்.

— — —
கனம் என்றீர்களே, அங்கேதான் சொல் இருக்கிறது. தொல்காப்பியர் நகையை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்காக்கினார். நமக்கு வேண்டியது எள்ளலுக்கும் இளமைக்கும் நடுவில் எங்கோ கிடக்கிறது. நொய் என்றால் கனமின்மை. கஞ்சிக்குப் போடும் நொய்யரிசியை மறந்துவிட்டோமா? ஆகவே 'நொய்ந்நகை'. எகத்தாளத்தில் எனக்கு 'ஏக தாளம்' கேட்கிறது, வேண்டாம்.

— — —
ஐயா, நொய்நகையா, நொய்ந்நகையா?

— — —
குறிலை அடுத்த யகரத்தின் முன் மெல்லினம் மிகலாம் என்பது நன்னூல். மெய்ஞ்ஞானம் போல.

— — —
சந்தி சரி, பொருள் யாருக்குப் புரியும்? நேற்று வகுப்பில் நொய்ந்நகையைக் கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். "புது டிசைனா, மிஸ்?" என்றாள் ஒருத்தி. (அவள் கேட்டதே நமக்கு நல்ல எடுத்துக்காட்டு.) பெரியவர் முன் "செவிச்சொல்லும் சேர்ந்த நகையும்" (காதோடு பேசுவதும் சேர்ந்து சிரிப்பதும்) ஆகாது என்கிறது குறள் 694. ஆனால் அங்கே சிரிக்க இருவர் வேண்டும். என் ஓட்டு 'விளையாட்டுத்தன'த்துக்கு.

— — —
எனக்கும் அதுவே. குழந்தையைக் கொஞ்சும் வாடை அதில் கொஞ்சம் அடிக்கிறது, ஆனாலும் பரவாயில்லை.

— — —
அனைவருக்கும் நன்றி. அந்த வாடைக்குப் பயந்து, "நட்பாக எழுதுங்கள், நோயை விளையாட்டாக எடுத்துக்கொண்டதுபோல் தொனிக்கக் கூடாது" என்று போட்டு அனுப்பிவிட்டேன்.

— — —
அம்மா, கேட்டது கலைச்சொல். நீங்கள் அனுப்பியிருப்பது உரை. நொய்ந்நகை நிற்கிறது.