ஜாங்கோ வியூக்களை ஏசிங்க்குக்கு மாற்றுதல்: லைவ் தளத்தில் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி

ஜாங்கோ 4.2 (பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்), போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், கனிகார்ன் சர்வரில் டபிள்யூஎஸ்ஜிஐ (வழக்கமான சிங்க் முறை). மொத்தம் 200 வியூ (ரிக்வெஸ்டை வாங்கிப் பதில் தரும் ஃபங்ஷன்). அதில் 15 வெளி ஏபிஐகளைக் கூப்பிடுபவை. ஒவ்வொன்றிலும் மூன்று அழைப்புகள், ஒன்று முடிந்தபின் அடுத்தது. அவை காத்துக் கிடக்கும்போது ஒர்க்கர்கள் (ரிக்வெஸ்டுகளைக் கையாளும் ப்ராசஸ்கள்) தீர்ந்துபோய் மற்ற பக்கங்களும் நிற்கின்றன. ஒரு வியூவை ஏசிங்க் டெஃப் (காத்திருக்கும்போது மற்ற வேலைக்கு வழிவிடும் ஃபங்ஷன்) ஆக்கியும் பலன் இல்லை. ஏன்? எந்த வரிசையில் மாற்றலாம்?

பதில் 1

டபிள்யூஎஸ்ஜிஐயில் ஓடும் ஏசிங்க் வியூவுக்கு ஜாங்கோ அந்த ஒரு ரிக்வெஸ்டுக்கென்றே ஈவென்ட் லூப்பை (ஏசிங்க் வேலைகளை மாற்றி மாற்றி ஓட்டும் சுழற்சி) திறந்து மூடும். பதில் போகும்வரை ஒர்க்கர் சிக்கியேதான் இருக்கும். உள்ளே இன்னும் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரிதான் இருக்கிறதா? அது லூப்பையே நிறுத்திவிடும். அதற்குப் பதில் ஹெச்டிடிபிஎக்ஸ் லைப்ரரியின் ஏசிங்க்கிளையன்ட் வேண்டும்.

சர்வரைத் தொடாமலே முதல் லாபம் எடுக்கலாம். மூன்று அழைப்புகளும் ஒன்றையொன்று சாராதவை என்றால் ஏசிங்க்ஐஓ.கேதரில் சேர்த்து விடுங்கள். தலா 400 மில்லிசெகண்ட் என்றால் 1.2 செகண்ட் ஏறக்குறைய 0.4 ஆகும். இந்தக் கட்டத்தில் கிளையன்டை வியூவுக்குள்ளேயே திறந்து மூடுங்கள். மாட்யூல் அளவில் ஒன்றை வைத்தால் அடுத்த ரிக்வெஸ்டில் 'ஈவென்ட் லூப் இஸ் க்ளோஸ்டு' வரும், ஏனென்றால் அதன் இணைப்புகள் பழைய லூப்போடு கட்டப்பட்டவை.

அடுத்து, அதே ப்ராஜெக்ட் கோடை யுவிகார்ன் ஒர்க்கருடன் (இது ஏஎஸ்ஜிஐ, அதாவது டபிள்யூஎஸ்ஜிஐயின் ஏசிங்க் வடிவம்) தனி ப்ராசஸாக ஏற்றி, அந்த 15 பாதைகளை மட்டும் என்ஜின்எக்ஸ் வெப் சர்வரில் அங்கே திருப்புங்கள். மற்ற 185ஐ மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. ஏதாவது கெட்டால் அந்தத் திருப்பலை எடுத்துவிட்டால் போதும், பழைய வழிக்கே வந்துவிடும்.

பதில் 2

பலர் கோட்டைவிடுவது மிடில்வேரில் (வியூவுக்கு முன்னும் பின்னும் ஓடும் அடுக்கு). சிங்க் மட்டுமே தெரிந்த ஒரே ஒரு மிடில்வேர் நடுவில் இருந்தாலும், வியூ காத்திருக்கும் நேரம் முழுக்க அந்த ரிக்வெஸ்டுக்கு ஒரு த்ரெட் பிடிபட்டிருக்கும். ஏஎஸ்ஜிஐக்குப் போன பயனே போய்விடும். 'ஜாங்கோ.ரிக்வெஸ்ட்' லாகரை டீபக் அளவில் வைத்தால், எந்த மிடில்வேருக்காக ஹேண்ட்லர் 'அடாப்டட்' ஆனது என்று பெயரோடு காட்டும். நீங்களே எழுதிய மிடில்வேர்களை சிங்க்_அண்ட்_ஏசிங்க்_மிடில்வேர் டெகரேட்டரால் இரண்டுக்கும் ஏற்றதாக்குங்கள்.

கேள்வி கேட்டவர்

லாகின்_ரிக்வையர்டு போட்ட வியூவில் 'அன்அவெய்டட் கோருட்டீன்' பிழை. அந்த டெகரேட்டரை எடுத்தால், ரிக்வெஸ்ட்.யூசரைத் தொட்டதும் சிங்க்ரனஸ்ஒன்லிஆபரேஷன் (ஏசிங்க்கில் சிங்க் டேட்டாபேஸ் வேலை கூடாது என்ற பிழை).

பதில் 3

4.2இல் லாகின்_ரிக்வையர்டு டெகரேட்டருக்கு ஏசிங்க் வியூ தெரியாது. 5.1இல்தான் வந்தது, ரிக்வெஸ்ட்.ஏயூசர் 5.0இல். முதலில் 5.2க்குப் போய்விடுங்கள், அது எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு). பைத்தான் குறைந்தது 3.10 வேண்டும். ஜாங்கோ_அலோ_ஏசிங்க்_அன்சேஃப் என்ற என்விரான்மென்ட் வேரியபிளைப் போட்டுப் பிழையை அமுக்காதீர்கள்; லைவில் டேட்டா கெடலாம்.

அதே பிழை டெம்ப்ளேட்டிலும் வரும்: வியூவில் ஓடாத குவெரிசெட் (டேட்டாபேஸ் கேள்வி) அங்கே போய் ஓடும்போது. ஃபாரின் கீகளை செலக்ட்_ரிலேட்டடில் முன்கூட்டியே இழுத்துவிடுங்கள்.

ஓஆர்எம்மில் (ஜாங்கோவின் டேட்டாபேஸ் அடுக்கு) ஏகெட், ஏசேவ் இருந்தாலும் அடியில் வேலை த்ரெட்டில்தான் நடக்கிறது. ஐந்து குவெரிக்கு ஐந்து அவெய்ட் போடுவதைவிட, ஐந்தையும் ஒரு சாதாரண ஃபங்ஷனில் வைத்து சிங்க்_டு_ஏசிங்க்கால் ஒரே தடவை கூப்பிடுவது மலிவு. ட்ரான்சாக்ஷன்.அட்டாமிக் ஏசிங்க்கில் வேலை செய்யாது என்பதால் அதற்கும் இதே வழிதான்.

கான்_மேக்ஸ்_ஏஜை (டேட்டாபேஸ் இணைப்பைத் திறந்தே வைக்கும் நேரம்) ஏஎஸ்ஜிஐ ப்ராசஸில் 0 ஆக்குங்கள். ஒரே நேரத்தில் வரும் ரிக்வெஸ்டுகள் தனித்தனி த்ரெட், தனித்தனி இணைப்பு எடுக்கும்; போஸ்ட்கிரெஸின் இயல்பு வரம்பு 100, சீக்கிரம் நிரம்பும். ஜாங்கோ 5.1 முதல் சைக்காப்ஜி 3உடன் (போஸ்ட்கிரெஸ் டிரைவர்) இணைப்புகளைப் பகிரும் பூல் அமைப்பு உண்டு.

பதில் 1

ஒரு சேர்க்கை: கனிகார்னின் 30 செகண்ட் டைம்அவுட் யுவிகார்ன் ஒர்க்கரில் தொங்கும் ரிக்வெஸ்டை வெட்டாது, ஒர்க்கர் உயிரோடு இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். வெளி அழைப்பு ஒவ்வொன்றுக்கும் நீங்களே டைம்அவுட் வையுங்கள். ஸ்டேஜிங்கில் பைத்தான்ஏசிங்க்ஐஓடீபக்=1 போட்டால் லூப்பை 100 மில்லிசெகண்டுக்கு மேல் அடைத்த இடங்கள் லாகில் வந்துவிடும்.