போதைத் தடுப்புக்காரர்களின் அருங்காட்சியகம்: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

வாஷிங்டன் வருகிறவர்கள் முதலில் ஓடுவது விண்வெளி அருங்காட்சியகத்துக்குத்தான். நானும் ஓடியவன். 2011-ல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆர்லிங்டனில் ஒரு வேலை. அது காலையிலேயே முடிந்துவிட்டது, சாயங்காலம்வரை பொழுது போக வேண்டும். அப்போதுதான் டி.இ.ஏ. என்கிற அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்புத் துறை சொந்தமாக ஒரு சின்ன அருங்காட்சியகம் வைத்திருப்பது தெரிந்தது. பென்டகன் சிட்டி மெட்ரோவில் இறங்கினால் ஒரு பெரிய மால், அதற்கு எதிரே துறையின் தலைமையகம், அதிலேயே அருங்காட்சியகம். அனுமதி இலவசம்.

வாசலில் பையை எக்ஸ்ரேயில் விடும்போதே சொதப்பினேன். சாவிக்கொத்தில் ஒரு குட்டிக் கத்தி, பழம் வெட்ட வைத்திருப்பது. "இதோடு உள்ளே போக முடியாது" என்றார் காவலாளி. ஹோட்டலுக்குத் திரும்பிப் போகச் சோம்பல். வெளியே வந்து கத்தியைக் கழற்றி, டிஷ்யூ பேப்பரில் சுற்றி, யாரும் பார்க்கவில்லை என்று நானாக முடிவு செய்துகொண்டு ஒரு பூச்செடித் தொட்டி மண்ணில் புதைத்தேன். நிமிர்ந்த பிறகுதான் உறைத்தது: போதைத் தடுப்புத் தலைமையகத்து வாசலில், வெள்ளைத் தாளில் சுற்றிய சின்னப் பொட்டலம் ஒன்றை மண்ணுக்குள் ஒளித்துவைத்திருக்கிறேன்.

சரி, உள்ளே போவோம். மொத்தமே ஒரு கூடம்தான். நின்று படிக்கிறவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும், மற்றவர்களுக்கு அரை மணி. துப்பாக்கி, பறிமுதல் பணம் என்று எதிர்பார்த்துப் போனவனை முதலில் வரவேற்றது ஒரு பழைய மருந்துக்கடை. மர அலமாரி, கண்ணாடிக் குப்பிகள், பூ வேலைப்பாடு போட்ட லேபிள்கள். அத்தனையும் ஒரு காலத்தில் கடைக்குப் போய்க் கேட்டால் கொடுத்த சரக்கு. பல் முளைக்கும் குழந்தை அழாமல் இருக்க அந்த நாட்டில் 19-ஆம் நூற்றாண்டில் வீட்டுக்கு வீடு வாங்கிய மிஸஸ் வின்ஸ்லோ சிரப்பில் இருந்தது மார்ஃபின். குழந்தை அழாதுதான். சில குழந்தைகள் எழுந்திருக்கவும் இல்லை.

ஹெராயின் என்பது ஒரு பிராண்டுப் பெயர் என்று அதுவரை எனக்குத் தெரியாது. பேயர் கம்பெனி 1898-ல் இருமலுக்கென்று விற்ற மருந்து அது. அதை அந்தக் கம்பெனிக்காகத் தயாரித்த ஃபெலிக்ஸ் ஹோஃப்மன் 1897-ல், அதே ஆகஸ்ட் மாதத்தில், ஆஸ்பிரினையும் தயாரித்தார். ஒரே மனிதர், ஒரே ஆய்வுக்கூடம், சில நாள் இடைவெளி. ஒன்று இன்னும் நம் மேஜை டிராயரில் கிடக்கிறது. மற்றொன்றைத் தேடித்தான் இந்தக் கட்டடத்துக்காரர்கள் அலைகிறார்கள்.

அந்த அலமாரியைக் காலி செய்தது போலீஸ் அல்ல, முதலில் ஒரு லேபிள். 1906-ல் வந்த சட்டம் இந்தச் சரக்கு எதையும் தடை செய்யவில்லை. அபின், கொக்கேன், சாராயம் எது கலந்திருந்தாலும் குப்பியின் மேல் எழுது என்றது, அவ்வளவுதான். 1914-ல் வந்த ஹாரிசன் சட்டம் பேருக்கு ஒரு வரிச் சட்டம். அபின், கொக்கேன் வியாபாரம் செய்கிறாயா, பதிவு செய், வரி கட்டு, கணக்கு வை. அதனால் 1930-ல் அமைந்த ஃபெடரல் நார்க்காட்டிக்ஸ் பீரோ இருந்ததும் கருவூலத் துறைக்குக் கீழேதான். நாம் படத்தில் பார்த்துப் பழகிய கதவை உடைக்கிற ஏஜென்டின் தாத்தா ஒரு வரி வசூல்காரர்! இப்போதைய துறையை நிக்சன் 1973 ஜூலையில் உருவாக்கினார்.

கூடத்தின் இன்னொரு பக்கம் 1970-களின் கடை ஒன்று, கஞ்சா புகைக்கிற சாமான்கள் விற்றது. குழாய்களும் சுருட்டுத் தாள்களும் கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில். பழைய மருந்துக்கடையையும் இதையும் பார்த்துவிட்டு வந்தால் ஒன்று புரியும். இந்த அருங்காட்சியகம் காட்டுவதில் பாதி கடைகள்தான்.

பணியில் இறந்தவர்களின் படங்களுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். 1985-ல் மெக்சிகோவின் குவாதலஹாராவில் கடத்திச் சித்திரவதை செய்து கொல்லப்பட்ட என்ரிக்கே கமரேனாவைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆண்டுதோறும் அக்டோபரில் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் சிவப்பு ரிப்பன் குத்திக்கொள்வது அவருடைய நினைவாகத்தான்.

ஒரே ஒரு இடறல். அபின் என்றாலே சீனா, புகைக்குழாய், இருட்டறை என்று கதை ஓடுகிறது. அந்த அபின் எந்த வயலில் விளைந்தது என்பதை நான் அங்கே தேடித் தேடிப் பார்த்தேன், என் கண்ணில் படவில்லை. நம் ஊர்க்காரன் என்பதால் அப்படித் தேடினேனோ என்னவோ. வேறு யாராவது போயிருந்தால் எழுதுங்கள்.

* * *

அண்ணா, நான் 2023-ல் போனேன். நீங்கள் பார்த்தபிறகு அதைப் புதுப்பித்துவிட்டார்கள், 2022-ல் மறுபடி திறந்தார்கள். தொடுதிரை எல்லாம் வந்துவிட்டது.

நான் இங்கே ஒரு மருத்துவமனையில் மருந்தாளுநர். அதனால் நீங்கள் சொன்ன 1914 சட்டத்தில் எனக்கு வேறொரு சங்கதி கண்ணில் பட்டது. அபின் வாங்க விற்க அரசாங்கம் அச்சடித்த படிவத்தில்தான் எழுத வேண்டும் என்று அப்போதே சொன்னார்கள். அந்தப் படிவத்தின் பேரன் என் வேலை மேஜையில் இருக்கிறது. 222 என்று பெயர். மார்ஃபின், ஃபென்டனில் மாதிரி இரண்டாம் அட்டவணை மருந்துக்கு, அதாவது மருத்துவப் பயன் இருந்தாலும் பழக்கமாகும் ஆபத்து அதிகம் என்று சட்டம் வகைப்படுத்திய மருந்துக்கு, ஆர்டர் போட அதுதான் வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது கார்பன் வைத்து மூன்று பிரதி. ஒரு எழுத்து அடித்துத் திருத்தினால்கூடச் செல்லாது, கிழிக்கவும் கூடாது, செல்லாது என்று எழுதிக் கோப்பில் வைக்க வேண்டும். 2021-லிருந்து ஒற்றைத் தாள். கணினியில் போடவும் வழி இருக்கிறது. ஆம்பூலில் மீந்த அரை மில்லியைக் கொட்டுவதற்குக்கூடப் பக்கத்தில் ஒருத்தர் நின்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் குப்பிகளுக்கு முன்னால் நின்றபோது எனக்கு முதலில் வந்த நினைப்பு, "இதையெல்லாம் யார் எண்ணிக் கணக்கு வைத்தது?" என்பதுதான். தொழில் புத்தி!

ஆனால் என்னோடு வந்த 15 வயது மகளுக்குக் குப்பியும் பிடிக்கவில்லை, திரையும் பிடிக்கவில்லை. ஃபோனைத் தடவிக்கொண்டே வந்தாள். அவள் நின்றது ஃபென்டனிலால் இறந்தவர்களின் படச் சுவருக்கு முன்னால். அப்போது தலைமையகத்தில் அதை வைத்திருந்தார்கள். குடும்பத்தார் அனுப்பிய படங்கள், கீழே பெயர், வயது. ஆயிரக்கணக்கில். குடும்பத்தார் தேர்ந்தெடுத்தவை அல்லவா, அதனால் எல்லாரும் சிரிக்கிறார்கள். பட்டமளிப்புத் தொப்பியோடு ஒரு பையன். மீனைத் தூக்கிக் காட்டும் ஒருத்தர். மகள் ஒரு படத்துக்குக் கிட்டே போய், "இந்த நாயை இப்போ யார் வெச்சிருப்பாங்க?" என்று கேட்டாள். படத்தில் இருந்த பெண்ணின் மடியில் ஒரு நாய். நான் பதில் சொல்லவில்லை. எனக்கென்ன தெரியும்?

ஃபென்டனில் நல்ல மருந்துதான். பெல்ஜியத்தில் பால் யான்சன் குழு கண்டுபிடித்து 60 ஆண்டுக்கு மேல் ஆகிறது, ஆபரேஷன் தியேட்டரில் தினமும் புழங்குகிறோம், மைக்ரோகிராம் கணக்கில். 2 மில்லிகிராம் ஒரு ஆளைக் கொல்லப் போதும், பென்சில் முனையில் ஒட்டிக்கொள்கிற அளவு. பிடிபட்ட போலி மாத்திரைகளில் 10-க்கு 7 அந்த அளவையோ அதற்கு மேலோ கொண்டிருந்தன என்று 2023-ல் துறையே சொன்னது. வலி மாத்திரை என்று நம்பி வாங்குகிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? 1906-க்கு முன்னால் இருந்த குப்பி மாதிரிதான், லேபிள் இல்லை.

* * *

நான் கொஞ்சம் எதிர்ப்பாட்டு பாடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் போனேன். சுங்கத் துறையின் கண்காட்சியில் கடத்தல்காரன் பக்கத்துக் கதை இருக்குமா? அது போலத்தான். போதைப்பொருள்களை அட்டவணை அட்டவணையாகப் பிரித்த 1970 சட்டம் கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்து முதல் அட்டவணையில் போட்டது, கொக்கேனை அதற்கு அடுத்த அட்டவணையில் வைத்தது. ஏன் என்று எனக்கு அங்கே விளங்கவில்லை. வலி மாத்திரையை 1996 முதல் ஊர் ஊராகத் தள்ளிவிட்ட பர்டூ கம்பெனி, பழக்கமாகும் ஆபத்தைக் குறைத்துச் சொன்னதற்காக 2007-ல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதன் கடை அலமாரியையும் ஒருநாள் அப்படியே செய்து வைப்பார்களா? வைத்தால் இன்னொரு தடவை போகிறேன்.

* * *

அட்டவணைக் கேள்விக்கு மட்டும் பதில்: கொக்கேனுக்கு இன்றும் மருத்துவப் பயன் உண்டு. மூக்கு ஆபரேஷனில் மரத்துப்போகச் செய்யவும் ரத்தக் கசிவை அடக்கவும். அதனால் அது இரண்டில். ஏற்கப்பட்ட மருத்துவப் பயன் இல்லை என்று சொல்லப்படுவது ஒன்றில். கஞ்சாவை அங்கே வைத்தது சரியா என்று கேட்டால், நான் 222-க்குக் கையெழுத்துப் போடுகிறவள், என்னை விட்டுவிடுங்கள்.

* * *

நான் பார்த்தது வேறு ஊர், ஆனால் உங்கள் இடறலுக்கு அங்கே பாதி பதில் இருக்கிறது. தாய்லாந்தின் வட கோடியில் சோப் ருவாக். ருவாக் ஆறு மேக்கோங்கில் கலக்கும் இடம், எதிரே ஒரு பக்கம் லாவோஸ், ஒரு பக்கம் மியான்மர். தங்க முக்கோணம் என்று சுற்றுலாக்காரர்கள் பலகைக்குக் கீழே நின்று படம் எடுப்பார்கள். தெருவோரத்திலேயே 'ஹவுஸ் ஆஃப் ஓபியம்' என்று தனியார் அருங்காட்சியகம் ஒன்று, ஒரு வீடு அளவுக்கு.

அங்கே நான் நகராமல் நின்றது ஒரு கத்திக்கு முன்னால். விரல் நீளம்தான், மூன்று நான்கு மெல்லிய அலகுகளைச் சேர்த்துக் கட்டியிருந்தது. கசகசாச் செடியின் காயை மாலையில் இதால் ஒரு கீறு கீறுவார்கள். ராத்திரி முழுக்கப் பால் வடிந்து பழுப்பாக உறையும். விடிந்ததும் வழித்தெடுப்பார்கள். ஆழமாகக் கீறினால் பால் உள்ளே போய்விடும், லேசாகக் கீறினால் வராது. பக்கத்திலேயே எடைக்கற்கள், சிங்கமும் பறவையுமாக வெண்கலத்தில் வார்த்தவை. எனக்குப் பொம்மைக் கொலு ஞாபகம் வந்தது, அப்புறம் எதை நிறுக்க என்பது ஞாபகம் வந்தது. புகைக்கிறவர் தலை வைத்துப் படுக்கப் பீங்கான் தலையணை, கூடவே சின்ன விளக்கு.

கொஞ்ச தூரத்தில் 'ஹால் ஆஃப் ஓபியம்' என்று பெரிய ஒன்றும் இருக்கிறது, மே ஃபா லுவாங் அறக்கட்டளை கட்டியது. அதற்குள் போக 137 மீட்டர் சுரங்கப்பாதை, இருட்டு, சுவரெல்லாம் துவண்ட உருவங்கள். அங்கே அபின் போர் விரிவாக வருகிறது. நம் பக்கத்துக் கதை இதுதான்: பாட்னாவிலும் உத்தரப் பிரதேசத்துக் காசிப்பூரிலும் கிழக்கிந்தியக் கம்பெனி உருட்டிய அபின் உருண்டைகள், பூவிதழ் ஒட்டிய ஓட்டுக்குள், பெட்டிக்கு 40. கல்கத்தாவில் ஏலம், அங்கிருந்து சீனாவுக்கு. 1839-ல் சீனப் பேரரசரின் அதிகாரி லின் சேஷு, தென் சீனக் கரையில் ஹூமனில் 20,000 பெட்டிக்கு மேல் பறிமுதல் செய்து உப்பும் சுண்ணாம்பும் போட்டுக் கரைத்துக் கடலில் விட்டார். அவரைத்தான் நான் முதல் போதைத் தடுப்பு அதிகாரி என்பேன். பதிலுக்கு வந்தது பிரிட்டிஷ் கப்பற்படை, போனது ஹாங்காங்.

* * *

காசிப்பூர் என்றதும் ஒரு வரி. அந்த ஆலை இன்னும் ஓடுகிறது. 1820-ல் தொடங்கியது, இப்போது மத்திய அரசின் அபின் ஆலை, மருந்துக்கான சரக்கு. அருங்காட்சியகம் இல்லை, உள்ளே விட மாட்டார்கள். நான் அந்த ஊருக்குப் போனது கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் கல்லறையைப் பார்க்க, 1805-ல் அங்கேதான் இறந்தார். ஆலை மதிலோரம் நடந்தேன். ஆயுதம் ஏந்திய காவல், மதில் மேல் குரங்குகள். நீங்கள் எல்லாரும் கண்ணாடிப் பெட்டியில் பார்த்த வஸ்து அந்த மதிலுக்குள் தொட்டி தொட்டியாக இருக்கிறது.

* * *

அண்ணா, எல்லாம் சரி, கத்தி கிடைத்ததா இல்லையா?

* * *

கேட்டதற்கு நன்றி. கிடைத்தது, ஆனால் உடனே இல்லை. உள்ளே கடையில் மகனுக்கு டி.இ.ஏ. என்று போட்ட தொப்பி ஒன்று வாங்கினேன். பையில் இடமில்லாமல் தலையிலேயே மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். ஒரே மாதிரி நான்கு தொட்டிகள். எதில் புதைத்தேன் என்பது மறந்துவிட்டது. அந்தத் தொப்பியோடு முட்டி போட்டு மூன்றாவது தொட்டியைக் கிளறிக்கொண்டிருக்கும்போது நிமிர்ந்து பார்க்கிறேன், காலையில் பார்த்த அதே காவலாளி கண்ணாடிக்குப் பின்னால் நின்று, கையால் நான்காவதைக் காட்டுகிறார்.