மிதிநேரமா, ஊன்றுநேரமா? ஓடும்போது கால் தரையில் இருக்கும் கணத்துக்கு ஒரு சொல்

நண்பர்களே,

மனிதனால் எவ்வளவு வேகமாக ஓட முடியும் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கான ஓர் இதழுக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதியில் ஒரு சொல் வந்து காலை வாரிவிட்டது. ஓடும்போது பாதம் தரையில் பட்டதிலிருந்து மறுபடி தரையை விட்டு எழும்வரை உள்ள நேரம். மைதானத்தில் 'கான்டாக்ட் டைம்' என்கிறார்கள். நான் 'தரைத்தொடர்பு நேரம்' என்று எழுதிவைத்தேன். மறுநாள் படித்துப் பார்த்தால் செல்போன் கோபுரத்தைப் பற்றிய கட்டுரை போல இருக்கிறது.

இந்த ஒரு சொல்லுக்கா இவ்வளவு மெனக்கெடல் என்று கேட்பீர்கள். வேகத்தின் கதை முழுக்க அந்தக் கணத்துக்குள்தான் இருக்கிறது. 2009 ஆகஸ்ட் 16 அன்று பெர்லினில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 நொடியில் ஓடினார். அதில் 60ஆவது மீட்டரிலிருந்து 80ஆவது மீட்டர் வரை அவருக்கு ஆனது 1.61 நொடி. மணிக்கு 44 கிலோமீட்டருக்கும் மேல். எங்கள் ஊர் டவுன் பஸ் அந்த வேகத்தைப் பார்த்தே பல நாளாயிற்று. அந்த 20 மீட்டரில் அவருடைய கால் தரையில் பட்டது ஏழெட்டு முறைதான். ஒவ்வொரு முறையும் நொடியில் பத்தில் ஒரு பங்கு கூடத் தரையில் இல்லை. மிச்ச நேரமெல்லாம் ஆள் அந்தரத்தில்.

வேகமாக ஓடுவதற்குத் தமிழில் இரண்டு வழக்குகள் இருக்கின்றன. 'பின்னங்கால் பிடரியில் பட ஓடினான்' என்பது ஒன்று. 'கால் தரையில் பாவாமல் ஓடினான்' என்பது மற்றொன்று. முதலாவது, வேகம் காலை வீசுவதில் இருக்கிறது என்கிறது. இரண்டாவது, தரையில் எவ்வளவு குறைவாக இருக்கிறான் என்று பார்க்கிறது. நானும் வெகுகாலம் முதல் கட்சிதான். வேகமாக ஓடுகிறவன் காலை வேகமாக வீசுகிறான், அவ்வளவுதானே?

இல்லையாம். மனித ஓட்டத்தை ஆராயும் விஞ்ஞானி பீட்டர் வெய்யண்டும் அவருடைய குழுவினரும் 2000இல் வெளியிட்ட ஆய்வில் 33 பேரை ஓடவைத்து அளந்தார்கள். அவர்களில் மெதுவானவரின் உச்சவேகம் நொடிக்கு 6.2 மீட்டர்; வேகமானவருடையது 11.1. ஏறக்குறைய இரு மடங்கு வித்தியாசம். ஆனால் பின்னால் போன காலை முன்னால் கொண்டுவர எல்லோரும் எடுத்துக்கொண்ட நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். வேகமானவர்கள் செய்தது வேறு: தரையை அதிக விசையோடு அழுத்தினார்கள், அதையும் குறைந்த நேரத்துக்குள். பிடரி தோற்றது, பாவாத கால் வென்றது.

இடைஞ்சலும் அங்கேதான். பாதம் தரையில் இருக்கும்போது உடல் முன்னால் போகும் தூரத்தைக் காலின் நீளம் கட்டிப்போடுகிறது. ஏறத்தாழ ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். நொடிக்கு 12 மீட்டர் போகிறவனுக்கு அந்த ஒரு மீட்டர் 0.08 நொடியில் தீர்ந்துவிடும். அதற்குள் தசை இறுகி, அடுத்த பாய்ச்சலுக்கு வேண்டிய விசை மொத்தத்தையும் தரைக்குக் கொடுத்தாக வேண்டும். வேகம் கூடக் கூட நேரம் சுருங்குகிறது, தசையோ தனக்கு வேண்டிய நேரத்தைக் கேட்கிறது. காலில் வலு இல்லாமல் போவதில்லை. அதே குழு 2010இல் ஒற்றைக்காலில் நொண்டியடிக்கவைத்துப் பார்த்தது. ஓட்டத்தின் உச்சவேகத்தில் தரும் விசையைவிட 30 சதவீதமோ அதற்கு மேலோ கூடுதலாக அதே கால் கொடுத்தது. நொண்டியில் கால் தரையில் கூடுதல் நேரம் இருக்கிறது, அவ்வளவுதான் காரணம். ஆக வலு இருக்கிறது, அவகாசம் இல்லை. (மாதக் கடைசியில் பணம் பாஸ் ஆகியும் கைக்கு வராத கதை.)

இந்த அவகாசத்துக்குத்தான் பெயர் கேட்கிறேன். 'தொடுநேரம்' வேண்டாம், பட்டும் படாமலும் தொடுவது போல ஒலிக்கிறது, இங்கே உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை இறங்குகிறது. 'ஊன்றுநேரம்' அழகாக இருக்கிறது. ஆனால் ஊன்றுவது என்றால் நிலைத்து நிற்பது. ஊன்றுகோல், வேரூன்றல் எல்லாம் அந்தக் குணம்தான். 'பாவுநேரம்' எனக்குப் பிடித்தது, வழக்கிலிருந்தே வருகிறது. இப்போதைக்கு அதையே போட்டிருக்கிறேன். சொல்லுங்கள்.

---

> இப்போதைக்கு அதையே போட்டிருக்கிறேன்

ஐயா, பாவுநேரம் என்று நெசவாளர் வீட்டுப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள், தறியைத்தான் நினைக்கும். பாவும் ஊடும் இன்னும் பேச்சில் இருக்கிற ஊர்கள் உண்டு. அது போக, பாவுதல் என்றால் பரவுதல். விரைவோட்டக்காரன் குதிகாலைத் தரையில் பரப்புவதே இல்லை.

இருபத்தெட்டு வருடம் பி.டி. மாஸ்டராக இருந்தவன் சொல்கிறேன். மழை விட்ட மறுநாள் செம்மண் ட்ராக்கில் பையன்களை ஓடவிட்டுத் தடத்தைப் பார்ப்பேன். சுமாராக ஓடுகிறவனின் தடத்தில் குதிகாலிலிருந்து விரல் வரை முழுப் பாதமும் இருக்கும், முன்பக்கம் மண் கொஞ்சம் இழுபட்டிருக்கும். நன்றாக ஓடுகிறவன் தடம் பாதிப் பாதம்தான். ஆனால் ஆழம். ஸ்பைக்ஸ் ஆணிக் குழி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். 'தரையைத் தடவாதேடா, மிதி' என்றுதான் கத்துவேன். புத்தகம் படித்துச் சொன்னதில்லை, வாயில் வந்தது அதுதான்.

மிதிநேரம் என்று போடுங்கள். சைக்கிள் மிதிக்கிற யாருக்கும் அதில் அழுத்தமும் இருக்கிறது, அடுத்த கணம் கால் எழுவதும் இருக்கிறது என்று தெரியும்.

---

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறிப்பு.

கட்டுரை இங்குள்ள பிள்ளைகளும் படிப்பதற்கு என்றால் முதலில் 'வேகம்' எது என்று தீர்த்துவிடுங்கோ. உங்கட பாடநூலில் வேகம், திசைவேகம். எங்கட பாடநூலில் அதே இரண்டும் கதி, வேகம். நீங்கள் முடுக்கம் என்பதை நாங்கள் ஆர்முடுகல் என்போம். நீங்கள் எதிர்விசை என்று எழுதும் இடத்தில் எங்களுக்கு மறுதாக்கம். ஒரு பிள்ளை 'உச்சவேகம்' என்று வாசித்துவிட்டுத் திசை எங்கே என்று கேட்டால் பிழை பிள்ளையில் இல்லை.

மிதிநேரம் பற்றி: எங்கட பக்கம் 'மிதி' என்று தொடங்கும் சொல்லைக் கேட்டால் என் வயதுக்காரருக்கு முதலில் வருவது மிதிவெடி. அதற்காகச் சொல்லை விடச் சொல்லவில்லை. பஸ்ஸில் மிதிபலகையும் இருக்கிறதுதானே. சொல்லிவைக்கிறேன், அவ்வளவுதான்.

---

இருவருக்கும் நன்றி.

பாவு போயிற்று. தறியை நான் யோசிக்கவே இல்லை. மாஸ்டர் சொன்ன குதிகால் விஷயம் அதைவிட வலுவானது.

மிதிவெடி என்று படித்ததும் ஒரு நாள் முழுக்க ஊன்றுநேரத்துக்கே திரும்பிவிடலாமா என்று இருந்தது. அப்புறம் வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். 'உச்சவேகத்தில் போல்ட்டின் ஊன்றுநேரம் நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு' என்றால் சொல் ஒரு பக்கம் இழுக்கிறது, எண் மறுபக்கம் இழுக்கிறது. 'மிதிநேரம்' என்று மாற்றினால் இரண்டும் ஒரே பக்கம் போகின்றன. மிதிநேரமே இருக்கட்டும். அதோடு மிதிவிசை. காலை முன்னால் கொண்டுவரும் நேரம் வீசுநேரம். 'வீச்சு' என்று எழுதினால் அலையின் வீச்சோடு குழம்பும். இரு காலும் தரையில் இல்லாத நேரம் அந்தரநேரம். இதற்கு யாரும் மறுப்புச் சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன், எனக்கு இதில் ரொம்பப் பெருமை.

கதி, வேகம் சிக்கலை ஒரு கட்டுரையால் தீர்க்க முடியாது. முதல் பத்தியிலேயே 'இங்கே வேகம் என்பது இலங்கைப் பாடநூல்களில் கதி எனப்படுவது' என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன்.

தலைப்பையும் மாற்றினேன். 'மனித வேக வரம்பு' என்று இருந்தது, நெடுஞ்சாலைப் பலகை மாதிரி. அதற்கு வேறு காரணமும் உண்டு. வரம்பு என்றால் யாரோ போட்ட கோடு. இங்கே கோடு எங்கே என்பதிலேயே ஒருமித்த கருத்து இல்லை. உயிரியலாளர் மார்க் டென்னி 2008இல் பழைய சாதனைகளின் போக்கைக் கணக்கிட்டு ஆண்களின் 100 மீட்டர் 9.48 நொடியில் நின்றுவிடும் என்றார். வெய்யண்ட் குழுவோ தசை சுருங்கும் வேகத்தை மட்டும் பார்த்தால் மணிக்கு 56 முதல் 64 கிலோமீட்டர் வரை கூட இடமிருக்கிறது என்றது. ஒன்று கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னது, மற்றது தசையைப் பார்த்துச் சொன்னது. இரண்டையும் கட்டுரையில் வைத்திருக்கிறேன். என் பந்தயம் டென்னி பக்கம்.

இன்னொரு தொல்லை மிச்சம். பெர்லினில் போல்ட் ஏறக்குறைய 41 முறை கால் வைத்து 100 மீட்டரை முடித்தார். '41 அடியில் 100 மீட்டர்' என்று எழுதினால் கணக்கு வாத்தியார் சண்டைக்கு வருவார். '41 எட்டு' என்றால் வாய்ப்பாடு. என்ன செய்யலாம்?

---

தப்படி.

வயலை அளக்கக் கயிறு இல்லாவிட்டால் எங்கள் அப்பா தப்படி போட்டுத்தான் அளப்பார். போல்ட்டுக்கு 41 தப்படி.