கமேஹமேஹா சிலை: ஹொனலுலுவில் இருப்பது வெறும் நகலா?

கடல்நுரை:
போன வாரம் இங்கே ஒருத்தர் எழுதினார்: "ஹொனலுலு சிலை வெறும் நகல், நேரத்தை வீணாக்காதீங்க, அசல் ஹவாய் பெரிய தீவுல கபாவ்ங்கிற சின்ன ஊர்ல இருக்கு." படிச்சதுல இருந்து மனசு ஆறல. 1883 பிப்ரவரி 14 அன்னிக்கு மன்னர் கலாகவா திறந்துவச்ச சிலை அது. இயோலானி அரண்மனைக்கு எதிரே நிக்குது. ஹவாய்த் தீவுகளை ஒரே ராஜ்ஜியமாக்கின மன்னர் கமேஹமேஹாவோட சிலையைப் பார்க்காதேன்னு சொல்ல எப்படி வாய் வருது?

முத்துவேல்:
எழுதினது நான்தான், வாபஸ் வாங்க மாட்டேன். முதல்ல வார்த்த சிலை 1880-ல ஃபாக்லாந்து தீவுகள் பக்கம் கப்பலோட மூழ்கிச்சு. இன்சூரன்ஸ் பணத்துல இன்னொன்னு வார்த்தாங்க, அதுதான் ஹொனலுலுவுல நிக்குது. மூழ்கினதை மீட்டு கபாவ்ல வச்சாங்க. முதல்ல வார்த்தது எது? அவ்வளவுதான் கேள்வி.

கடல்நுரை:
ரெண்டுக்கும் சிற்பி தாமஸ் கூல்ட். வடிவமும் ஒண்ணு. கடல்ல கிடந்துட்டு வந்தா உசத்தியா?

செவ்வந்தி:
முத்துவேல் சார் பக்கம்தான் நான். கமேஹமேஹா பிறந்ததே கபாவ் இருக்கிற கொஹாலா பக்கம். கபாவ்ல பழைய கோர்ட் கட்டடத்து முன்னாடி, உடம்புக்குப் பழுப்பு, அங்கிக்கு மஞ்சளும் சிவப்புமா பெயின்ட் அடிச்சு நிக்கிறார். 2001-ல சீரமைச்சப்போ ஊர்க்காரங்க அந்த வண்ணமே இருக்கட்டும்னுட்டாங்க. அது அவங்க வீட்டுப் பெரியவர் மாதிரி.

கடல்நுரை:
பெயின்ட் அடிச்சதை அசல்னு சொல்றீங்க, தங்க இலை பதிச்ச அங்கியோட நிக்கிறதை நகல்னு சொல்றீங்க. நல்லா இருக்கும்மா உங்க கணக்கு!

முத்துவேல்:
பெயின்டைப் பத்தி நான் பேசல. முதல்ல வார்த்தது எது?

தீவுப்பறவை:
முகம் யாருக்காவது உறுத்துதா? கூல்ட்ங்கிற பாஸ்டன்காரர் இத்தாலியில உட்கார்ந்து செஞ்சது. நீட்டின கையும் நிக்கிற தோரணையும் ரோமானியச் சக்கரவர்த்தி மாதிரியே இருக்கு. கமேஹமேஹா இறந்ததோ 1819-ல. ரெண்டுமே அவர் இல்லை.

கடல்நுரை:
வந்துட்டாருப்பா! எரிமலை இழையிலயும் இப்படித்தான் நடுவுல புகுந்து குழப்பினீங்க. முகத்துக்குத் தனி இழை தொடங்குங்க.

தீவுப்பறவை:
எரிமலை இழையில நான் சொன்னதுக்கு இன்னும் பதில் வரல. ஞாபகப்படுத்தினதுக்கு நன்றி.

அகிலன்:
பெரிய தீவுலயே ஹிலோ நகரத்துல இருக்கிற இன்னொரு கமேஹமேஹா சிலையை யாருமே சொல்லலையே. கவாய் தீவுல ஒரு ரிசார்ட்டுக்காகச் செஞ்சது. "எங்க தீவை அவர் போர் பண்ணிப் பிடிக்கவே இல்லை, எதுக்கு இங்க சிலை"ன்னு கவாய் மக்கள் எதிர்த்தாங்க. 1810-ல கவாய் மன்னர் கவுமுவாலி பேசி இணங்கித்தான் தீவு சேர்ந்தது. கடைசியில 1997-ல ஹிலோவுல வச்சாங்க.

செவ்வந்தி:
பிடிக்கலைன்னு சொல்லாதீங்க. படகெல்லாம் திரட்டிக் கிளம்பினார், புயல் திருப்பி அனுப்பிச்சு.

அகிலன்:
கிளம்பறதும் பிடிக்கிறதும் ஒண்ணா அக்கா?

கடல்நுரை:
ஹிலோ, கவாய் எல்லாம் அப்புறம். ஜூன் 11, கமேஹமேஹா தினத்தை ஒட்டி ஹொனலுலு போய்ப் பாருங்க. தீயணைப்பு வண்டி ஏணியில ஏறி, நீட்டின கையில இருந்து ஆள் உயரத்துக்கு மேல நீளமான பூமாலைகளை வரிசையா தொங்கவிடுவாங்க. நகலுக்கா இத்தனை மரியாதை?

முத்துவேல்:
கபாவ்லயும் மாலை போடறாங்க, இன்னும் கிட்ட நின்னே பார்க்கலாம். முதல்ல வார்த்தது எதுன்னு நீங்க இன்னும் சொல்லல.

கடல்நுரை:
நூறு தடவை கேளுங்க. மன்னர் திறந்துவச்சது எதுன்னு நானும் நூறு தடவை சொல்வேன்.