பண்டும் வாட்டர்கேட்டும்: தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டங்களில் கண்டவை

பாரிட் 12:

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தெலுக் இந்தானிலிருந்து ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ வரைக்கும் சாலையின் இரண்டு பக்கமும் செம்பனை (எண்ணெய்ப் பனை) தான். பார்வைக்குச் சமதரை. கடல் தண்ணீர் ஏறும் பெரிய பெருக்கு நேரத்தில் பண்டின், அதாவது தடுப்புக் கரையின், மேல் ஏறி நின்றால்தான் விஷயம் புரியும்: வெளியே ஆற்றுத் தண்ணீர் உயர்ந்து நிற்கும், உள்ளே மரத்தின் தூர் அதற்குக் கீழே இருக்கும். நடுவில் இருப்பது மண் பண்டும் சில மடைக்கதவுகளும்தான். வருடக் கடைசி மழை நெருங்குகிறது. எந்தத் தோட்டம், எந்த நிர்வாகம் என்பது வேண்டாம். எது கெட்டது, ஏன் கெட்டது, எப்படிச் சரியானது என்று வேலை தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பழைய கண்டக்டர்:

வாட்டர்கேட் என்கிற மடைக்கதவிலிருந்து தொடங்கலாம் தம்பி. மேலே கீல், வெளிப்பக்கம் தொங்கும் கதவு, அவ்வளவுதான் அதன் அமைப்பு. வற்று நேரத்தில், அதாவது கடல் தண்ணீர் இறங்கும்போது, உள்தண்ணீர் கதவைத் தள்ளித் திறந்து வெளியேறும். பெருக்கு ஏறினால் வெளித்தண்ணீரே கதவை அடைத்துவிடும். ஆளும் வேண்டாம், எஞ்சினும் வேண்டாம். ஒரு பெருக்குக்கும் அடுத்ததற்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் நேரம் 50 நிமிடம் போலத் தள்ளிப் போகும். நேற்று விடிகாலை 4 மணிக்குத் திறந்த கதவு இன்றும் 4 மணிக்கே திறக்கும் என்று நினைத்துக் காவலுக்கு ஆள் போட்டால் ஏமாற்றம்தான்.

முதலில் கெடுவது கதவின் அடிவிளிம்பு. ஒரு செம்பனை மட்டையோ, நிப்பா என்ற ஆற்றோரப் பனையின் தண்டோ குறுக்கே சிக்கினால் கதவு முழுதாக உட்காராது. 1.5 மீட்டர் அகலக் கதவில் அடியில் 5 சென்டிமீட்டர் இடைவெளி விழுந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். வெளிமட்டம் உள்மட்டத்தைவிட 1 மீட்டர் உயரமாக நிற்கும் 5 மணி நேரத்தில் ஏறக்குறைய 3,500 கன மீட்டர் உப்புத்தண்ணீர் உள்ளே வந்துவிடும். இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால், பிரதான கானை (வடிகாலை) ஒட்டிய வரிசைகளில் மட்டை நுனி காய ஆரம்பிக்கும்.

அதனால் கதவுக்கு உள்ளே, சில மீட்டர் தள்ளி, கம்பித் தடுப்பு கட்டாயம் வேண்டும். அதில் சேரும் ஆகாயத்தாமரையை வாரம் ஒருமுறையாவது வாரிப் போடவேண்டும். விட்டுவிட்டால் தடுப்பே அணையாகி, மழைத்தண்ணீர் உள்ளேயே தேங்கும். கீலில் கிரீஸ் வற்றினாலும் இதே கதைதான். கனமான கதவு, இறுகிய கீல், உள்ளே வெளியே மட்ட வித்தியாசம் 10 சென்டிமீட்டர்தான் என்றால், கதவு பாதிகூடத் திறக்காது. அந்த வற்று வீணாகிப் போகும்.

செம்பனை நிழல்:

கதவு சரியாக இருந்தும் தண்ணீர் வடியாத இடம் ஒன்று உண்டே, அண்ணே. கதவுக்கு வெளியே சேறு மேடாகிவிடும் இடம்?

பழைய கண்டக்டர்:

உண்டு, பெரும்பாலும் பாதிக் காரணம் அதுதான். ஒவ்வொரு பெருக்கும் வண்டலைக் கொண்டுவந்து கதவின் முன்னே போட்டுவிட்டுப் போகும். மழை இல்லாத மாதங்களில் உள்ளிருந்து வேகமான ஓட்டம் இல்லாததால் அந்த வண்டல் இறுகிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய பெருக்கு நாட்களில் வற்றும் ஆழமாக இறங்கும், அந்த நாளைப் பிடித்துக்கொள்ளவேண்டும். கதவின் உள்பக்கக் காடியில் (பள்ளத்தில்) தடுப்புப் பலகைகளை இறக்கி இரண்டு மூன்று நாள் தண்ணீரைத் தேக்கி வையுங்கள். வற்று அடியில் இருக்கும்போது எல்லாப் பலகையையும் ஒரே நேரத்தில் எடுத்துவிட்டால், பாய்ச்சலில் வண்டல் கரைந்து ஓடும். சிறு பெருக்கு நாளில் இதைச் செய்தால் வெளியே தண்ணீர் இறங்கியிருக்காது, தேக்கியதெல்லாம் வீண். வண்டல் கெட்டியாகிப் புல் முளைத்துவிட்டால் இந்த வழி பலிக்காது. எக்ஸ்கவேட்டர்தான்.

ஆற்றுமணல்:

இந்த வண்டல் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. கிந்தா ஆறு, தெலுக் இந்தான் வழியே கடலுக்குப் போகும் பேராக் ஆற்றில் சேருகிறது. ஈப்போ, கோப்பெங், பத்து காஜா பக்கத்து ஈயச் சுரங்கங்கள் பீரங்கி போன்ற குழாயால் தண்ணீரைப் பாய்ச்சி மண்ணைக் கரைத்து அடித்தன. 1913-இல் மலாயாவின் முதல் வாளி டிரெட்ஜர் (வாளிகளால் ஈயமண் அள்ளும் மிதவை இயந்திரம்) பத்து காஜா பக்கம்தான் இறங்கியது. கரைந்த மண்ணுக்குப் போக்கிடம் ஆறு மட்டும். ஆற்றின் அடித்தரை உயர்ந்தால், அதே அளவு மழைக்கு வெள்ளம் இன்னும் மேலே நிற்கும். சிலாங்கூரில் கோல குபு என்ற ஊரையே இப்படித்தான் கைவிட நேர்ந்தது. அங்கே 1883-இல் பழைய அணை உடைந்து பலர் இறந்தார்கள். அதற்குப் பிறகு மலைச் சுரங்கங்களின் மணலால் ஆறு மேடாகி, வெள்ளம் திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் ஊரை மேட்டுக்கு மாற்றி, கோல குபு பாரு என்று புதிதாக அமைத்தார்கள்.

1926 கடைசியில் வந்த பெருவெள்ளம் தீபகற்பத்தின் பல ஆறுகளை ஒரே சமயத்தில் கரை புரள வைத்தது. இன்று நாம் ஜேபிஎஸ் என்று சொல்லும் வடிகால் நீர்ப்பாசன இலாகா 1932-இல் தனி இலாகாவாக அமைந்தது. அதற்கு முன்பே, 1906-இல், பேராக்கின் கிரியான் நெல்வயல்களுக்குப் பெரிய நீர்ப்பாசனத் திட்டம் முடிந்திருந்தது. ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஈயமும் ரப்பரும் லாபம் கொடுத்த காலத்தில் ஆற்றின் அடித்தரை எத்தனை உயர்கிறது என்று அளக்கப் போதிய அக்கறை காட்டப்படவில்லை. மண்வெட்டி பிடித்துக் கானும் பண்டும் வெட்டியவர்களில் நம்மவர்கள் ஏராளம். அவர்கள் குடியிருந்த லயங்கள் பெரும்பாலும் துரை பங்களாவைப்போல மேட்டில் இல்லை.

பண்டோரம்:

பண்டைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. பண்டு மேலே வழிந்து மட்டுமல்ல, உள்ளே துளை விழுந்தும் உடையும். சேற்று இறால் என்ற ஒரு பிராணி, எரிமலை போல மண் குவியல் எழுப்பும். குவியல் கால் முழம் தெரிந்தால், கீழே வளை ஆள் உயரத்துக்கும் போகலாம். வளை பண்டின் அடியைக் கடந்து இரண்டு பக்கமும் திறந்துவிட்டால் பெருக்கு நேரத்தில் தண்ணீர் அதன் வழியே வரும். முதலில் தெளிந்த தண்ணீர், பிறகு கலங்கல். தெளிந்ததாக வரும்வரை நேரம் இருக்கிறது. கலங்கிவிட்டால் பண்டின் மண் கரைகிறது என்று பொருள், அப்போதே ஆட்களைக் கூப்பிடவேண்டும்.

உள்பக்கத்தில் தண்ணீர் கொப்பளித்துக் கிளம்பும் இடத்தை அடைக்கவே கூடாது. அடைத்தால் பக்கத்தில் வேறு இடத்தில் வெடிக்கும். கொப்பளிக்கும் இடத்தைச் சுற்றி வளையமாக மண் மூட்டை அடுக்கி, உள்ளே தண்ணீர் மட்டத்தை உயர்த்தவேண்டும். கலங்கல் நின்று தெளிந்த தண்ணீர் வரும் உயரம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். மூட்டை நிறைய மண் போடவேண்டாம். நிறைந்த மூட்டை உருளும், இடைவெளி விடும். பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை போட்டால் படிந்து உட்காரும். செங்கல் கட்டுவதுபோல இணைப்புகளை மாற்றி மாற்றி அடுக்கவேண்டும்.

உடைப்பே விழுந்துவிட்டால், பாய்ந்துகொண்டிருக்கும் வாயில் நடுவே மண் கொட்டுவது பணத்தைத் தண்ணீரில் விடுவதுதான். முதலில் இரண்டு முனைகளிலும் பாகாவ் (அலையாத்தி மரக்) கட்டை அடித்து மூட்டை போட்டு, வாய் அகலமாகாமல் பிடிக்கவேண்டும். அடைப்பை சிறு பெருக்கு நாட்களில், வற்று நேரத்தில் தொடங்கவேண்டும். பாய்ந்த தண்ணீர் வாயில் ஆழமான குழி தோண்டியிருக்கும். அதற்கு மேல் பண்டு போட்டால் மறுபடி அங்கேதான் உட்காரும். குழியைச் சுற்றி லாடம்போல வளைத்துப் புதுப் பண்டு போடுவதே நிலைக்கும். கட்டை இரண்டு வரிசை, நடுவில் களிமண். மணல் மட்டும் போட்டால் நிற்காது.

கானும் கணக்கும்:

எத்தனை கதவு வேண்டும் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 400 ஹெக்டார் நிலத்தில் ஒரே நாளில் 50 மில்லிமீட்டர் மழைத்தண்ணீர் வடியவேண்டும் என்றால், 2,00,000 கன மீட்டர். இரண்டு வற்றுக்கும் சேர்த்துக் கதவு திறந்திருப்பது சுமார் 10 மணி நேரம்தான். அந்த நேரத்துக்குள் வினாடிக்கு 5.5 கன மீட்டர் போகவேண்டும். 1.5 மீட்டர் சதுரக் கதவு ஒன்றில், வினாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் 2.7 கன மீட்டர்தான் போகும். ஆகவே இரண்டு கதவு வேண்டும், ஒன்று பழுதானாலும் ஓட்டம் நிற்காமலிருக்க மூன்றாவதும். நிலம் தாழ்ந்தால் திறந்திருக்கும் நேரமும் சுருங்கிவிடும். அப்போதுதான் பம்ப் தேவைப்படுகிறது.

நிலம் தாழ்வது நிஜம். கரிமண் (மக்கிய தாவரங்களாலான மண்) நிலத்தில் கான் வெட்டித் தண்ணீரை இறக்கியதும் அது காற்றுப்பட்டு மக்கி, சுருங்கி, வருடா வருடம் சில சென்டிமீட்டர் இறங்குகிறது. கான் ஆழமாக வெட்டினால் இன்னும் வேகமாக இறங்கும். களிமண்ணும் கனம் தாங்காது. தெலுக் இந்தான் நடுவே நிற்கும் சாய்ந்த கோபுரத்தைப் பாருங்கள். 1885-இல் லியோங் சூன் சோங் கட்டியது, மேலே ஊருக்கான தண்ணீர்த் தொட்டியைச் சுமந்தது, மெத்தென்ற நிலத்தில் ஒரு பக்கம் இறங்கியது. பண்டும் அப்படித்தான். ஒரே மூச்சில் முழு உயரத்துக்கு ஏற்றினால் அடி மண் பக்கவாட்டில் பிதுங்கி, பண்டு பிளந்து போகும். அடுக்கடுக்காக ஏற்றி, ஒவ்வொரு அடுக்கும் இறுகக் காலம் விடவேண்டும். உட்காரப்போகும் அளவையும் சேர்த்து உயரம் வைக்கவேண்டும். மண் எடுக்கும் குழியை பண்டின் அடியை ஒட்டித் தோண்டாமல் சில மீட்டராவது தள்ளித் தோண்டுங்கள். அடியில் இருக்கும் வேர்களையும் கட்டைகளையும் முதலிலேயே எடுத்துவிடவேண்டும். அவை மக்கினால் அங்கேயே தண்ணீருக்கு வழி பிறக்கும்.

செம்பனை நிழல்:

கான் கரையில் மஞ்சள் பொடி மாதிரி ஒட்டியிருக்கிறதே, அது என்ன? தண்ணீரும் கண்ணாடிபோலத் தெளிந்து நிற்கிறது.

கானும் கணக்கும்:

அந்தத் தெளிவுதான் ஆபத்தான அடையாளம். கடலோரக் களிமண்ணுக்கு அடியில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் அடுக்கு இருக்கிறது. தண்ணீருக்குள் மூழ்கி இருக்கும்வரை சும்மா கிடக்கும். கான் ஆழமாகி அது காற்றுப்பட்டால் கந்தக அமிலம் உண்டாகும், மண்ணின் பி.எச். 3.5-க்கும் கீழே போய்விடும். மஞ்சளாகத் தெரிவது ஜாரோசைட் என்ற தாது. அமிலம் களித்துகளைப் படியவைப்பதால் தண்ணீர் தெளிந்து தெரியும், மீன் இருக்காது. கான்கிரீட் குழாய்களையும் அரித்துவிடும். பலகைகளைப் போட்டு, மஞ்சள் தெரியும் அடுக்குக்கு மேலே தண்ணீர் மட்டம் நிற்கும்படி வையுங்கள். மழை தொடங்கியதும் முதலில் சேரும் அமிலத் தண்ணீரை வெளியே விட்டு, பிறகு நல்ல தண்ணீரை உள்ளே தேக்குங்கள்.

பாரிட் 12:

அப்படியானால் பலகை இரண்டு வேலைக்கும் வேண்டும்: கோடையில் தேக்க, மழையில் விட. எடுத்த பலகையை எங்கே வைக்கிறார்கள்?

பழைய கண்டக்டர்:

மடைக்குப் பக்கத்திலேயே, கூரை போட்ட சட்டத்தில், எண் எழுதி. வெயிலில் போட்டால் வளையும், அடுத்த முறை காடியில் இறங்காது. ஸ்டோரில் வைத்தால் இரவு மழையில் சாவி தேடிக்கொண்டு நிற்கவேண்டும்.