புதுப்பிப்பு: ஃப்ளோரிடா கடலோர வீட்டு இன்சூரன்ஸ், போன பதிவில் விட்டுப்போனவை

சூறாவளிக்கு முன் வீட்டு பாலிசியில் சூறாவளி டிடக்டிபிளை, அதாவது கம்பெனி தருவதற்கு முன் நாம் ஏற்க வேண்டிய தொகையைப் பாருங்கள் என்று எழுதியிருந்தேன். "5% என்றால் நஷ்டத்தில் 5% தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, வீட்டுக் கட்டடத்துக்குப் போட்டிருக்கும் காப்பீட்டுத் தொகையில் 5%. அந்தத் தொகை 4,00,000 டாலர் என்றால் முதல் 20,000 உங்கள் கையிலிருந்து. கூரைக்கு 18,000 ஆனால் கம்பெனியிடமிருந்து ஒரு காசும் வராது. ஆனாலும் க்ளெய்மைப் பதிந்து ரசீதுகளை வைத்திருங்கள்: ஃப்ளோரிடாவில் இந்த டிடக்டிபிள் ஒரு காலண்டர் ஆண்டுக்கு ஒரு முறைதான். அதே ஆண்டு அடுத்த புயல் வந்தால் முதல் செலவும் கணக்கில் சேரும்.

வெள்ளம் தனிக் கதை. கடல்நீர் ஏறி வந்தால் வீட்டு பாலிசி தராது. அமெரிக்க மத்திய அரசின் வெள்ளக் காப்பீடு கட்டடத்துக்கு 2,50,000, பொருட்களுக்கு 1,00,000 டாலர் வரை. பொருட்களுக்குத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், தேய்மானமும் கழிப்பார்கள். பொதுவாக 30 நாள் கழித்தே அமலுக்கு வரும். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு ஓடினால் பயனில்லை.

புயலுக்கு முன் ஜன்னலை மூடும் ப்ளைவுட் பலகை பற்றி ஒரு திருத்தம்: அரை அங்குலத் தடிமன் போதும் என்று போன பதிவில் சொன்னது தப்பு, 5/8 அங்குலம் வாங்குங்கள். திருகு சுவரின் வெளிப்பூச்சில் மட்டும் நின்றால் காற்று பலகையோடு பிடுங்கும்; உள்ளே சட்டக் கட்டையில் ஏற வேண்டும். துளைகளை இப்போதே போட்டு, பலகையிலும் ஜன்னலிலும் ஒரே எண்ணை எழுதுங்கள். மேல்பக்கம் எது என்று அம்புக்குறியும்.